பச்சை உப்பில் பழுப்பு

ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பீப்பாயின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவள் மூடியை வைப்பாள். பிறகு இரும்புப் பட்டையைச் சுற்றி, அதன் கைப்பிடியை இடுப்பால் தள்ளிப் பூட்டுவாள். டக்கென்று ஒரு சத்தம் வரும். சத்தம் மொண்ணையாக இருந்தால் திறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பாக்கிங் கொட்டகையில் எல்லோருக்கும் அவள் மூடியக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

பீப்பாய்களுக்குள் போவது பச்சை உப்பு. பெயர்தான் உப்பு. கொட்டகைச் சுவரை ஒட்டிய உலைக்கூடத்தில் யுரேனியத்தின் பழுப்புப் பொடியைச் சூடாக்கி, அதன் மேல் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயுவை விடுவார்கள். பழுப்பு பச்சையாக மாறிக் குழாய் வழியே கொட்டகைக்குள் இறங்கும். வேலை முடிந்து போகும்போது வாசலில் இருக்கும் மெஷினில் கையையும் காலையும் வைத்து, கதிர் ஒட்டியிருக்கிறதா என்று காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

அன்று காலை சூப்பர்வைசர் ஒரு பீப்பாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே பச்சை நிறம் மங்கி, இடையிடையே பழுப்புத் திட்டுகள் தெரிந்தன.

"மூடியக்கா, இதப் பாரு. அனுப்பின சரக்கு அப்படியே திரும்பி வந்திருக்கு. மூடி சரியில்ல, ஈரக் காத்து புகுந்திருக்கு."

"நான் மூடினதுதான் சார். சத்தம் கேட்டுத்தான் விட்டேன்."

"சத்தத்தையா கொண்டுபோய் சாட்சிக் கூண்டுல நிறுத்த முடியும்? மேல கேக்கறாங்க. யாரு தப்புன்னு நான் சொல்லியாகணும்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் மூடியைப் பார்த்தே பேசியது அவளுக்கு உறுத்தியது. தான் பூட்டிய மூடியை வேறு யாரோ திறந்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் முடிச்சு விழுந்தது. பீப்பாய் தூக்கும் வண்டிக்காரனா? இவள் இடத்துக்குத் தன் தங்கையைச் சேர்த்துவிட அலைகிற, பீப்பாய்களை நிறுக்கும் எடைக்காரியா? அன்றிலிருந்து சிரித்துப் பேசியவர்கள் எல்லோரையும் ஓரக்கண்ணால் அளந்தாள்.

முற்றத்தில் அடுக்கியிருக்கும் பீப்பாய்களைக் கண்காணிக்கலாம் என்று தன் பக்கத்து ஜன்னல் வழியே பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி பால் பூசியதுபோல் வெளுத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். சோப்பு போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. விரலை வைத்தால் உப்புத்தாள்போல் சொரசொரவென்றது. முற்றத்தை அவள் பார்க்கக் கூடாதென்று யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

கொட்டகையை ஒட்டிய அறையில் கெமிஸ்ட் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண். உப்பைச் சோதிப்பது அவள் வேலை. திரும்பி வந்த பீப்பாயிலிருந்து எடுத்த பொடி அவளுடைய மைக்ராஸ்கோப்பின் கீழே இருந்தது.

"பாருங்கக்கா."

குனிந்து பார்த்தாள். பச்சை ஊசிகளாகச் சிதறிக் கிடந்தது. நடுநடுவே பழுப்பு மணிகள்.

"ஈரம் பட்டுப் பழுப்பாயிடுச்சுங்கறாங்களே, நெசமா?"

கெமிஸ்ட் மேஜையிலிருந்த பெரிய தக்கை ஒன்றை எடுத்து நடுவில் வைத்தாள். அதன் கீழே நான்கு சின்னத் தக்கைகள், மேலே நான்கு.

"நடுவுல யுரேனியம். சுத்தி எட்டு ஃபுளோரின். மேல இருக்கற சதுரம் கொஞ்சம் திரும்பி உக்காந்திருக்கு, தெரியுதா? இதுல ஒவ்வொண்ணும் இந்த யுரேனியத்துக்கு மட்டும் சொந்தமில்ல. பக்கத்துல இருக்கறதையும் இன்னொரு கையால பிடிச்சிருக்கும்."

"பொறந்த வீட்டையும் விடாம, புகுந்த வீட்டையும் விடாம."

கெமிஸ்டுக்குச் சிரிப்பு வந்தது. "அப்படித்தான். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. கொதிக்கற ஆவியில போட்டா பிரியும். மூடி இளகி ஈரக் காத்து பட்டதுக்கெல்லாம் இப்படி ஆகாது."

"அப்ப இந்தப் பழுப்பு?"

கெமிஸ்ட் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "இது பச்சையாகித் திரும்பப் பழுப்பானது இல்லக்கா. பச்சையே ஆகாதது. வாயு பத்தல."

"அங்கேருந்து விட்டுக்கிட்டேதானே இருக்காங்க. இதுக்குள்ள வரலேன்னா எங்க போச்சு?"

கெமிஸ்ட் தன் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள். அதுவும் வெளுத்திருந்தது. "கண்ணாடிய அரிக்கறது அந்த வாயுதான்."

மூடியக்காவின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. கொட்டகையில் எல்லோருக்கும் இருமல். பருவம் மாறுகிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்கக்கா. எனக்கு இன்னும் வேல நிரந்தரமாகல."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அவளுடைய கொழுந்தன் அதே ஆலையில் குழாய் ஃபிட்டர். ஒரே வீடு, ஒரே அடுப்பு. பீப்பாய் திரும்பி வந்ததிலிருந்து கேட்காமலே தண்ணீர் பிடித்து வைக்கிறான். காய் வாங்கி வருகிறான். தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், உங்களுக்கு ஒத்துவரும் என்கிறான். அண்ணிமேல் வந்த பாசம் என்று நினைத்திருந்தாள்.

அடுப்படியில் அவன் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள். "உலையிலேருந்து எங்க கொட்டகைச் சுவரோரமா வர்ற வாயுக் குழாய நீதானே பாக்கறே?"

"ஏன் அண்ணி, சாப்பிடறப்ப எதுக்கு அது?"

"ஒழுகுதா?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இணைப்புல வாஷர் போச்சு. புதுசு கேட்டேன், வரல. நாடாவச் சுத்தி ஓட்டுன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"என் மூடிமேல பழி விழுந்தப்ப உனக்கு வாய் இல்ல."

"வாயத் தொறந்தா என்ன வெளிய அனுப்பிடுவாங்க அண்ணி. மூடி தப்புன்னு போனா உங்கள ஒரு வார்த்த திட்டி விட்டுடுவேன்னு சொன்னாரு."

"சொன்னாரு. அதனாலதான் எனக்குத் தையல் கம்பெனியில எடம் பாத்தே."

அவன் வெறும் சோற்றைப் பிசைந்தான்.

"நாங்க அங்கதான்டா மூச்சு விடறோம்," என்றாள். குழம்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் மேனேஜர் அறைக்கு வெளியே நெடுநேரம் நின்றாள். உள்ளே விட்டதும் கெமிஸ்ட் பெயரையோ கொழுந்தன் பெயரையோ எடுக்கவில்லை. "எங்க ஜன்னல் கண்ணாடிய வந்து ஒரு தடவ தொட்டுப் பாருங்க சார்," என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மேனேஜர் வந்தார், கூடவே சூப்பர்வைசரும். கொட்டகை ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார்.

"தூசி படிஞ்சிருக்கு சார். துடைக்கச் சொல்றேன்," என்றார் சூப்பர்வைசர்.

மேனேஜர் தலையாட்டிக்கொண்டே அடுத்த அறைக்குள் எட்டிப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது பிரச்சன இருக்கா?"

கெமிஸ்ட் எழுந்து நின்றாள். மூடியக்காவை ஒரு தடவை பார்த்தாள். "மைக்ராஸ்கோப் லென்ஸ் மங்க ஆரம்பிச்சிருக்கு சார்."

மேனேஜரின் முகம் அப்போதுதான் மாறியது. "லென்ஸா? இத்தன நாளா ஏன் சொல்லல? அது என்ன விலைன்னு தெரியுமா?"

அந்த வாரமே மைக்ராஸ்கோப்பைக் கம்பளியில் சுற்றி, வாசல் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். உப்பைச் சோதிக்கும் எக்ஸ்ரே மெஷினை நான்கு பேர் அடிமேல் அடி வைத்துத் தூக்கினார்கள். கெமிஸ்டும் அங்கே போனாள். மூடியைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. உன் தப்பில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. வாஷருக்கு ஆர்டர் போட்டிருக்கிறார்களாம். அதுவரைக்கும் கொழுந்தன் கையில் புது நாடா ஒன்றைக் கொடுத்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் சூப்பர்வைசர் கொட்டகைக்குள் கை தட்டிக்கொண்டு வந்தார்.

"ஒக்காந்து சாப்பிட எடமில்ல, எடமில்லன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல? கெமிஸ்ட் ரூம் காலி. இனிமே அதுதான் உங்களுக்கு. ஃபேன்கூட இருக்கு. மூடியக்கா, இப்ப திருப்திதானே?"

பெஞ்சு இரண்டைப் போட்டார்கள். எடைக்காரி ஃபேனைப் போட்டுவிட்டு இருமிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். வெளுத்த ஜன்னல் வழியே வெயில் பால்போல் இறங்கியது. மூடியக்கா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். பிறகு, சாப்பிட வேறு இடம் இல்லாததால், அவளும் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

அவள் தலைக்கு மேலே கெமிஸ்ட் காலத்துத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. இந்த அறையில் உணவு உண்ணக் கூடாது. சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு, அவள் தோளுக்கு மேலாக எட்டி, நகத்தால் சுரண்டிக் கிழித்தார். முழுசாக வரவில்லை. வந்ததைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

சுவரில் 'கூடாது' மட்டும் மிச்சமிருந்தது. அதன் கீழே அவள் டிபன் டப்பாவைத் திறந்தாள்.