வட்டிக்காரனுக்கு முதல் இடம்

"சேஸ் பேரு முதல்ல வரணும், வெர்லீனம்மா. நான் கேக்கறது அவ்வளவுதான்," என்றான் டாயில் ஜென்ட்ரி.

வெர்லீன் ஸ்டப்ஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் சோளரொட்டித் தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. டாயில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ஏதோ வில்லங்கம் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் இதே சமையலறை வரிசையில் நின்று இரண்டாம் தடவை புட்டிங் கேட்டவன்தானே! அப்போதும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கேட்பான்.

"யார் பேரு முதல்ல வருதுன்னு சனிக்கிழமை நான் படிக்கறப்ப நீயும் காது குடுத்துக் கேளு," என்றாள்.

பீச் ஃபோர்க் ஊரில் மாதம் ஒரு சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் மல்யுத்தம். நடத்துகிறவன் டாயில், அவனுக்கு முன்னால் அவன் அப்பா. ஜனவரியில் முதல் சண்டை தொடங்குமுன் வெர்லீன் கோதாவில் ஏறி, போன வருஷம் ஊரைச் சந்தோஷப்படுத்திய பத்துப் பயில்வான்களின் பெயரைப் பத்தாவதிலிருந்து முதலாவது வரை படிப்பாள். எவனுக்கு எத்தனை பலம், எவன் இடுப்பில் சாம்பியன் பெல்ட் தொங்குகிறது என்ற பேச்செல்லாம் அங்கே செல்லாது. யார் வந்ததால் சனிக்கிழமை சனிக்கிழமையாக இருந்தது? அது ஒன்றுதான் கேள்வி. முதலாவதாக வருகிறவனுக்குப் பிப்ரவரியில் கடைசிச் சண்டை, எதிராளியையும் அவனே பொறுக்கிக்கொள்ளலாம். டாயிலின் அப்பா வைத்த வழக்கம். அதில் கைவைத்தால் ஊர் தோலை உரித்துவிடும் என்று டாயிலுக்குத் தெரியும். அதனால்தான் வழக்கத்தை விட்டுவிட்டு வெர்லீன் மேல் கைவைக்க வந்திருந்தான்.

"பிப்ரவரில பெரிய மல்யுத்தக் கம்பெனிக்காரங்க கேமராவோட வராங்கம்மா, சேஸைப் பாக்கறதுக்கு. என் பையன் கடைசிச் சண்டைல இல்லேன்னா நல்லாவா இருக்கும்?"

"அப்ப வட்டிக்காரன்?"

டாயில் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். "அவனுக்கு முட்டி போச்சு. இந்த மாசத்தோட போதும்னு சொல்லிட்டேன். நீங்க அவனை மேல வெச்சாதான் பிரச்னை, இன்னொரு மாசம் இழுத்தடிக்கணும். அப்புறம் ஊரு விடாது."

தட்டு தொட்டிக்குள் தடாலென்று விழுந்தது.

"அம்மா, நேராவே சொல்லிடறேன். மாத்திப் படிச்சீங்கன்னா முன் வரிசைல உங்க நாற்காலி இருக்காது. கால் நரம்பெல்லாம் சுருண்டு கெடக்கு உங்களுக்கு. நின்னு பாக்க முடியுமா? யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுட்டேன். கதவை நல்லா சாத்திட்டுப் போ, குளிர் வருது."

அவன் போன பிறகு அவள் தொட்டியில் விழுந்த தட்டை எடுத்து அழுத்தித் தேய்த்தாள். சுடுதண்ணீரில் கையை விட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. என் நாற்காலியை எடுப்பானாமே! எடுக்கட்டுமே!

வட்டிக்காரன் வின்த்ராப் யாரென்று கேட்டால் ஊரே காறித் துப்பும். பாஸ்டனிலிருந்து வந்த வங்கி முதலாளி. கோட்டு, வெயிஸ்ட்கோட்டு என்று முழு சூட்டும் கடிகாரச் சங்கிலியும் பட்டுக் கைக்குட்டையுமாக வருவான். வழியில் யார் கை பட்டாலும் நின்று கைக்குட்டையால் துடைத்துக்கொள்வான். முன் வரிசைக்காரர்கள் மூஞ்சிக்கு நேரே ஒரு காகிதத்தை ஆட்டி, "உன் வீடு ஜப்தி! உன் டிராக்டரும் ஜப்தி!" என்பான். நிலக்கரிச் சுரங்கம் மூடிப் போன ஊரில் இதைச் சொன்னால் விடுவார்களா? கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஊளையிடுவார்கள். கடைசியில் யாராவது ஒரு உள்ளூர்ப் பையன் அவனைத் தூக்கிப் போட்டு மிதிப்பான். ஊர் குளிர்ந்த வயிற்றோடு வீட்டுக்குப் போகும்.

நிஜத்தில் அவன் பக்கத்து மாவட்டத்து ஹாலிஸ் டாக்கெட், மாட்டுத் தீவன லாரி ஓட்டுகிறவன். இது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்திருப்பதுதான் இந்த ஆட்டத்தின் மரியாதை. இத்தனை வருஷத்தில் வெர்லீனும் அவனும் ஒரு நல்ல வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. மளிகைக் கடையில் எதிர்ப்பட்டால்கூட அவன் அவள் தள்ளுவண்டியை இடித்துவிட்டு, "வழியை விடு கெழவி" என்பான். அவளும் விடமாட்டாள். "நாசமாப் போறவனே" என்று கையிலிருக்கும் ரொட்டிப் பொட்டலத்தாலேயே ஒன்று வைப்பாள். வீடு வரும்வரை இருவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

பொய்ச் சண்டைக்கு இத்தனை கூத்தா என்று கேட்கிறவர்களும் உண்டு. கேட்கிறவர்கள் வீட்டில் கிடக்கட்டும்.

மே மாதம் சண்டை நடுவில் மின்சாரம் போயிற்றே, அன்றைக்கு யார் நின்றது? பாதிக் கூட்டம் வீட்டுக்குக் கிளம்ப எழுந்துவிட்டது. இருட்டில் ஒரு டார்ச் வெளிச்சம். வட்டிக்காரன் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு முகத்திலும் வெளிச்சம் அடித்து, "மின்சார பில்லு கட்டலையாடா பிச்சைக்காரங்களா? இந்தக் கட்டடமும் எனக்குத்தான்" என்று ஆரம்பித்தான். ஒருத்தர் நகரவில்லை. விளக்கு திரும்ப வந்தபோது தொண்டை கட்டாதவர்களே இல்லை. ஆகஸ்டில் புகையிலைத் தோட்டத்துப் பையன் ஒருத்தன் முதல் சண்டைக்கு வந்து, பயத்தில் மரமாக நின்றான். கொசு அடிக்கிற மாதிரி ஒரு அறை விட்டான். வட்டிக்காரன் அந்த அறைக்கு மூன்று குட்டிக்கரணம் போட்டுக் கயிற்றில் சிக்கித் தொங்கினான் பாருங்கள்! பையன் இடி விழுந்தவன்போல் தன் கையையே பார்த்தான். அன்றையிலிருந்து அவன் பயில்வான்.

வெர்லீனுக்கு அளவுகோல் வேறொன்றும் இல்லை, பக்கத்து நாற்காலி ஓப்பல் ரேயின் மடியில் இருக்கும் சோளப்பொரிதான். நல்ல சண்டையில் ஓப்பல் தின்ன மறந்துவிடுவாள். வட்டிக்காரன் வந்தால் பொட்டலம் அப்படியே இருக்கும், பாதி தரையில் கிடக்கும். சேஸ் வந்தால் அடிவரை காலி.

சேஸைக் குறை சொல்லக்கூடாது, அழகான பையன். உடம்பு முழுக்கப் புதுரொட்டி அடுக்கிய மாதிரி தசை. வருவான், தூக்குவான், போடுவான், கையை விரித்து நிற்பான். ஜனங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிரில் இருப்பவனை அவன் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

சனிக்கிழமை கூடத்தில் எள் போட இடமில்லை. டாயில் மைக்கோடு ஒரு அட்டையையும் அவள் கையில் திணித்தான். அழகாக அச்சடித்த அட்டை, முதல் இடத்தில் மகன் பெயர். வெர்லீன் அதை வாங்கி, அந்தக் குளிரிலும் விசிறிக்கொண்டே கோதாவில் ஏறினாள்.

"பத்தாவது, சேஸ் ஜென்ட்ரி. வருஷம் பூரா அழகா நின்னதுக்கு!"

கூட்டம் சிரித்தது. டாயில் முகம் பீட்ரூட்டாயிற்று. அவள் நிறுத்தவில்லை, ஒவ்வொரு பெயரையும் அவனுக்குரிய காரணத்தோடு மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். புகையிலைத் தோட்டத்துப் பையன் ஐந்தாவது. இரண்டாவதாக, ஓப்பலின் மச்சான் மகள், பேய் மாதிரி கத்திக்கொண்டு கயிற்றின் மேலிருந்து குதிக்கிறவள். பிறகு கொஞ்சம் நிறுத்தினாள். டாயில் கீழே நின்று ஒரு விரலால் அவள் நாற்காலியைக் காட்டினான்.

அவளும் அந்த நாற்காலியைப் பார்த்தாள். நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற காலுக்கு உலகத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"முதலாவது... நம்ம எல்லாரையும் ஏச்சுப் பொழைக்கிறவன், நாறப் பய, ரத்தம் உறிஞ்சற அட்டை, வட்டிக்காரன் வின்த்ராப்!"

அப்பப்பா, என்ன ஊளை! பெஞ்சுகளை உதைத்தார்கள். ஒரு தாத்தா கைத்தடியால் தூணை அடித்தார். ஓப்பல் பொரியை வீசினாள். வில்லனுக்கு இதுதான் மாலை, இதுதான் மரியாதை. இதைக் கேட்கத்தான் ஒருவன் முட்டி தேயத் தேய இந்த வேலைக்கு வருகிறான்.

அப்போதுதான் சேஸ் அந்தத் தப்பைச் செய்தான். கோதாவுக்குள் தாவி வெர்லீன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா? ஊரே அவனை வேணாங்குது! இந்த லிஸ்ட் உங்களுக்கும் பிடிக்கலை, எனக்கும் பிடிக்கலை. அப்ப முதல் இடம் யாருக்கு?" என்று இரண்டு கையையும் விரித்து நின்றான்.

ஊளை அப்படியே நின்றது. யாரும் கை தட்டவில்லை, யாரும் திட்டவும் இல்லை. எங்கோ ஒரு குழந்தை இருமியது. சேஸ் விரித்த கையோடு நிற்கிறான், நிற்கிறான், கையை எப்போது இறக்குவதென்று தெரியவில்லை. பயில்வானை எந்த ஊளையும் கொன்றதில்லை, மௌனம்தான் கொல்லும். கீழே டாயில் கண்ணை மூடிக்கொண்டான். இந்தக் கூடத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது!

ஓப்பல் எழுந்தாள். "தம்பி, அவனைத் திட்டறது எங்க சொந்த விஷயம். நடுவுல நீ யாரு?"

அந்த நேரத்தில் திரை விலகியது. வட்டிக்காரன் ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்தான். டாயில் தந்த அட்டையை வெர்லீன் கையிலிருந்து உருவி, நாலாகக் கிழித்து, கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தான்.

"பட்டிக்காட்டுக் கெழவி குடுக்கற முதல் இடம் எனக்கு எதுக்குடி? அதை வெச்சு ஒரு கோழிக்கூடு ஜப்தி பண்ண முடியுமா?"

"வாங்கிக்கடா பேராசை புடிச்சவனே! ஓசின்னா வாங்குவியே!" என்றாள் வெர்லீன்.

கூடம் மறுபடி கொதித்தது. அவன் சேஸ் பக்கம் திரும்பி, விறைத்துப் போயிருந்த பையனின் மார்பில் ஒரு விரலை வைத்தான். "பிப்ரவரி. நீதான். உன் அப்பன் கூடத்தையும் சேத்து எழுதி வாங்கறேன்."

யாரை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். இந்த மரக்கட்டையைப் பயில்வானாக்கிவிட்டுத்தான் போவேன் என்கிறான், பாவி. வெர்லீன் கீழே இறங்கும்போது டாயில் அவள் காதோரம் சொன்னான். "நாற்காலி போச்சு."

"சந்தோஷம்," என்றாள் அவள்.

சொன்னபடியே செய்தான். பிப்ரவரியில் அவள் வந்தபோது மற்ற நாற்காலிகளை நெருக்கிப் போட்டு, இருந்த தடமே இல்லாமல் ஆக்கியிருந்தான். ஓப்பல் தன் இடத்தைத் தருகிறேன் என்றாள். "நீ உக்காந்து பொரியைக் கவனி. அதுதான் எனக்கு முக்கியம்," என்று சொல்லிவிட்டு வெர்லீன் பின்னால் போய், கோட்டுகள் தொங்கும் சுவரோரம் நின்றாள். இரண்டாம் சண்டையிலேயே கெண்டைக்கால் தெறித்தது. போவேனா? செத்தாலும் போகமாட்டேன். கோதாவுக்குப் பக்கத்தில் கேமராக்காரர்களுக்கு நடுவே, டாயில் மெத்தை வைத்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தான்.

கடைசிச் சண்டை. சேஸ் ஏற்கெனவே கோதாவில் நின்றான், கை விரிக்காமல். வட்டிக்காரன் வெளியே வந்தான், ஊளை கிளம்பியது. முன் வரிசையில் ஜப்திக் காகிதத்தை ஆட்டிக்கொண்டே வந்தவன், கோதாவின் படிக்கட்டுப் பக்கம், வெர்லீன் உட்காரும் இடத்துக்கு வந்ததும் நின்றான். நெருக்கிப் போட்ட நாற்காலிகளைப் பார்த்தான். தலையைத் தூக்கிக் கூடம் முழுக்கத் தேடினான். சுவரோரம் இருந்தவளைக் கண்டான்.

நேராக டாயிலிடம் போனான். சட்டையைப் பிடித்து எழுப்பி ஓரமாகத் தள்ளி, அந்த மெத்தை நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கினான்.

"ஐயோ, அடிக்கப் போறான்!" என்று கத்தினார்கள். வில்லன் கையில் நாற்காலி என்றால் யார் மண்டையோ உடையும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவனோ அதைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி, படிக்கட்டுப் பக்கம் வந்து இரண்டு நாற்காலிகளைக் காலால் விலக்கி, நடுவில் தரை அதிரப் போட்டான். பட்டுக் கைக்குட்டையை எடுத்தான். மெத்தையை ஒரு தடவை, முதுகை ஒரு தடவை அழுத்தித் துடைத்தான்.

"ஏ கெழவி! இங்க வா! நீ அங்க நிக்கறது என் கண்ணுக்கே சகிக்கலை! உக்காந்து பாரு, உன் ஊர்க்காரனை நான் எப்படிப் பொடி பண்றேன்னு!"

"நீ உதை வாங்கறதைப் பாக்கத்தான்டா வந்தேன்!" என்று கத்திக்கொண்டே வெர்லீன் சுவரை விட்டு வந்தாள். வழி தானாகப் பிரிந்தது. ஊளையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கேமராக்கள் எல்லாம் சேஸை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

டாயில் சட்டையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். என்ன இருந்தாலும் இந்த ஆட்டத்தை நடத்திய அப்பாவின் பிள்ளைதானே. விரலை நீட்டி முழங்கினான்: "வட்டிக்காரா! அடுத்த மாசம் இதே கோதாவுல உன்னைக் கவனிச்சுக்கறேன்டா!"

அடுத்த மாதம்! இந்தத் தொழிலில் அடுத்த மாதம் உன்னைக் கவனிக்கிறேன் என்றால் அடுத்த மாதமும் உனக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் ஊர் முன்னால் சொன்னது. இனி டாயில் நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

வெர்லீன் உட்கார்ந்தாள். வட்டிக்காரன் அவளைத் தாண்டிப் போகும்போது அவள் தோள் அவன் கோட்டில் பட்டது. நின்று, அருவருப்போடு துடைத்துக்கொண்டான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்க எங்கே நேரம்? இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, அந்தக் கூடத்திலேயே பெரிய ஊளையாக அவன் முதுகைப் பார்த்து இட்டாள்.