ஏறாதவர்கள்

இன்னும் ஒரே ஒருவர் இந்த டிராம் மேடையில் ஏறினால் போதும், இந்தக் கம்பி போய்விடும். கம்பி போனால் முதலில் நான். எனக்குப் பின்னால் தண்ணீர்தான்.

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல மூச்சும் இல்லை. தடுப்புக் கம்பியின் மேற்குழாய் முதுகில் அழுந்தியது. முன்னால் நின்ற யாரோ ஒருவரின் தோள்பை நெஞ்சில் பதிந்திருந்தது. டிராம் வந்து நின்று கதவைத் திறந்தது. உள்ளே நெருக்கியடித்து நின்றவர்கள் வெளியே நின்றவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நாலைந்து பேர் எப்படியோ நுழைந்துகொண்டார்கள். "அடுத்த வண்டியில வாங்க, தயவுசெஞ்சு" என்று ஓட்டுநர் ஒலிபெருக்கியில் கெஞ்சினார். கதவு மூடியதும், முண்டியடித்த முன்வரிசை ஓர் அடி பின்வாங்கியது. அந்த ஓர் அடி வரிசை வரிசையாகப் பின்னால் நகர்ந்து அவளிடம் வந்து முடிந்தது. அவளுடைய கால்கள் தரையை விட்டு எழும்பின.

ஒரு கணம்தான். பிறகு கூட்டம் தளர்ந்தது, செருப்பு தரையைத் தொட்டது.

பக்கத்தில் அக்கா தன் மகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"சித்தி கீழ, நான் மேல!" என்று குழந்தை சிரித்தது.

"அக்கா, வா, வெளிய போயிடலாம்."

"எதுக்குடி? இன்னும் ரெண்டு வண்டிய விட்டா இடம் கிடைச்சிடும்."

"என் கால் தரையிலயே இல்லக்கா."

"பரவாயில்லயே, பறக்கக் கத்துக்கிட்டியா?" அக்கா குழந்தையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வண்டி வந்தா பாப்பாவ மேல தூக்கிடணும், போனதும் இறக்கிக்கணும். அவ்வளவுதான். அங்க பாரு, அந்தப் பொண்ணும் அப்படித்தான்."

சற்றுத் தள்ளி ஒரு பெண், கைக்குழந்தையை அப்போதுதான் தலைக்கு மேலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பதற்றம் இல்லை. அலமாரியிலிருந்து பாத்திரம் எடுப்பவள் போல இருந்தாள். கம்பியைவிட, தண்ணீரைவிட, இவர்கள் இதற்குப் பழகிப்போனது பயமாக இருந்தது.

"டிராம் ஆபீசுலதான இருக்க? ஒரு வண்டி சேத்து விடச் சொல்லேன்." அக்கா குழந்தையிடம் திரும்பினாள். "சித்தி நின்னு நடுங்கறா பாரு, பயந்தாங்கொள்ளி!"

அக்காவின் கணவர் வெளியூர் போயிருந்ததால், முந்தைய இரவு அவள் துணைக்கு வந்து தங்கியிருந்தாள். பழைய கிடங்குகளை இடித்துக் கட்டிய கரையோரக் குடியிருப்புகளில் ஒன்றில்தான் அக்காவின் வீடு. இந்தத் தடத்துக்கு எத்தனை வண்டி வேண்டும் என்று கணக்குப் போடுவது டிராம் அலுவலகத்தில் அவளுடைய வேலை. அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு, நடந்தே போய்விடுவாள். காலை வேளையில் இந்த மேடையில் நின்றது இதுதான் முதல் தடவை.

ஒருவழியாக ஒரு வண்டியில் ஏறினார்கள். உள்ளே இருந்த கருவியில் பயண அட்டையைக் காட்டியதும் அது 'பீப்' என்றது. இப்போதுதான் நான் ஒரு ஆள். இவ்வளவு நேரம் கம்பியோடு நசுங்கி நின்றவள் யாருடைய கணக்கிலும் இல்லை.

கருவிகள் அனுப்பும் எண்ணிக்கை அலுவலகத் திரையில் ஒரு கோடாக வரும். காலையில் ஏறும், பிறகு கத்தியால் சீவியது போல உச்சியில் தட்டையாக நிற்கும். கூட்டம் ஓர் அளவுக்கு மேல் போகவில்லை என்று அதற்கு எல்லோரும் அர்த்தம் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் எழுதி வந்தாள். நிரம்பிய குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஒரே அளவில் இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டிருக்கிறோம். வழிந்து ஓடுவது வெளியே.

திட்டப் பிரிவுத் தலைவருக்கு அலுவலகத்தில் 'அலாரம்' என்று பெயர். கெடுவுக்கு முன்பே அடிக்க ஆரம்பித்துவிடுவார். அன்று அவள் தன் இருக்கைக்குப் போகும் முன்பே கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது. கரையோரத்தில் புதிதாக எழும்பியிருக்கும் கட்டடங்களுக்கு இப்போதுள்ள டிராம்களே போதும் என்ற சான்று. அவள் கையெழுத்துப் போட்டால் அங்கே குடிவர அனுமதி கிடைக்கும்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? கையெழுத்துதான கேட்டேன், கிட்னியா கேட்டேன்?"

"சார், காலைல அந்த மேடையில நின்னேன். நம்ம கணக்குல ஏறினவங்க மட்டும்தான் இருக்காங்க. ஏற முடியாம நின்னவங்க இல்ல."

"ஏறாதவன் அடுத்த வண்டில ஏறுவான், அங்க எண்ணிக்குவோம். ஆவியாவா போயிடப் போறான்?"

"ஏறிடுவாங்க சார். அதுக்குள்ள பின்னாடி இன்னும் ஆள் வந்துடறாங்க. மேடை அதே மேடைதான். அந்தப் பக்கம் தண்ணி."

"கம்பி இருக்குல்ல?"

"ஆடுது."

"அப்ப பராமரிப்புப் பிரிவுக்கு எழுதுங்க. கம்பி அவங்க வேலை, வண்டி நம்ம வேலை. இதுவரைக்கும் யாராவது விழுந்தாங்களா?"

"இல்ல."

"பின்ன?"

மேடையில் அந்தப் பெண் தன் குழந்தையை எவ்வளவு சாதாரணமாக இறக்கினாள் என்பதை இவரிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

"மேடையில ஆளுங்கள நிறுத்தி, ஏறாம நிக்கிறவங்களயும் எண்ணிப் பாத்துடலாம் சார். அது வரைக்கும் அனுமதிய மட்டும்..."

"எண்ணி முடிக்கிற வரைக்கும் குடி வர்றவங்க சாமான ரோட்டுல அடுக்கி வெச்சுக்கணுமா?" அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "பாருங்கம்மா, நானும் பிள்ளகுட்டிக்காரன்தான். இப்பப் போட்டுடுங்க, அடுத்த வருஷம் நீள வண்டி வேணும்னு நானே எழுதறேன். நீங்க போடலன்னா வேற யாராவது போடத்தான் போறாங்க. உங்கள வேற எங்கயாவது தூக்கிப் போடுவாங்க. அப்புறம் அலாரம் சொல்லலயேன்னு சொல்லாதீங்க."

தன் பட்டப்பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். யாராவது எதையாவது நீட்டினால் வாங்கிக்கொள்வதுதான் அவள் சுபாவம். பயந்தவள் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இத்தனை வருடம் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறாள் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது விளங்கியது. இவரிடம் பயம், இடமாற்றத்தில் பயம், நாளைக்கு நடைக்கூடத்தில் எல்லோரும் பார்க்கப்போகும் பார்வையில் பயம். எதுவும் போகவில்லை. ஆனால் நாளைக் காலையிலும் அக்கா அந்த மேடைக்குப் போவாள், குழந்தையோடு. வண்டி வந்ததும் கையை உயர்த்துவாள். புதுக் கட்டடங்களிலிருந்து இறங்கி வருபவர்கள் அவளுக்குப் பின்னால் நிற்பார்கள், அல்லது அவள் அவர்களுக்குப் பின்னால், கடைசி வரிசையில்.

பேனா நுனியைத் தாளின் மேல் கொண்டுபோனாள். ஒரு புள்ளிகூட விழும் முன் அதை எடுத்துவிட்டாள்.

"என்ன, மை இல்லயா?"

"இருக்கு சார்." மூடியைத் தேடி எடுத்துப் பேனாவை மூடினாள். தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "நான் போடல."

"என்னம்மா சொல்றீங்க?"

இரண்டாவது தடவை சொன்னபோது குரல் இன்னும் சிறியதாக வந்தது.

"நான் போடல, சார்."