காஜாக்காவின் வாக்குமூலம்

பென்ஷன் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி நேராக காஜாக்காவின் வீட்டுக்குப் போகவில்லை. விண்ணப்பம் போட்டவரைப் பார்ப்பதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆபீஸ் முறை. தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சட்டைக்குக் காஜா எடுத்துக் குடுக்கிற அம்மா வீடு எதுங்க?"

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "காஜாக்காவா? அதோ, நீலக் கதவு. நீங்க யாரு?"

"அவங்க மகன் போர்ல இறந்துட்டாரில்ல, அந்தப் பென்ஷன் விஷயமா வந்திருக்கேன். மகன் அனுப்பின பணத்துலதான் அவங்க காலம் தள்ளினாங்களா?"

"யாரு, எங்கக்காவா?" இஸ்திரிக்காரிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அந்தக் காசை விரலால தொட்டதில்ல சார்! பட்டினி கிடந்தாலும் கிடப்பாளே தவிர தொடமாட்டா. வேணும்னா தெருவுல யாரை வேணாலும் கேளுங்க."

அதிகாரி கேட்டார். டெய்லர் மாஸ்டர், "ஊசியும் நூலும்தான் சார் அந்தம்மாவுக்குச் சோறு போட்டுது" என்றார். வீட்டுக்காரர் வாடகை ஒரு மாதம்கூட நின்றதில்லை என்றும், அத்தனையும் அவள் கையுழைப்பு என்றும் சொன்னார். மூன்று பேரும் வாயாரப் புகழ்ந்தார்கள். மகன் வருமானத்தை நம்பி வாழ்ந்த தாய்க்குத்தான் பென்ஷன் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு மாதிரி சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களைப் பொறுத்தவரை அதுதான் உண்மை.

அந்த உண்மைக்குத் தெருவே சாட்சி. டெய்லர் மாஸ்டர் பட்டன் துளை தைக்கும் காஜா மெஷின் வாங்கிய பிறகு அவளுக்கு வரும் சட்டை மூட்டை பாதியாகி, பிறகு அதிலும் பாதியானது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த அவள் மகன், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டு வந்து வாசலில் நின்றான். சண்டை மூளப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த நேரம். அவள் அவனை நடுத்தெருவுக்கு இழுத்து வந்து கத்தினாள்.

"உசுரை வித்து நீ அனுப்புற காசு எனக்கு வேணாண்டா! அதுல ஒரு பருக்கை என் தொண்டையில இறங்காது!"

அன்றிலிருந்து இஸ்திரிக்காரி தினமும் மதியம் தன் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு கிண்ணம் எடுத்து மூடிக்கொண்டு போவாள். "வைராக்கியம் வயித்துக்குத் தெரியுமா" என்று புருஷனிடம் சொல்லுவாள்.

அதிகாரி நீலக் கதவைத் தட்டியபோது காஜாக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து நூலை மெழுகில் இழுத்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே இஸ்திரிக்காரியும் வண்டியைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா. உன் மானத்தைக் காப்பாத்திட்டேன்."

அதிகாரி முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"அம்மா, பணம் மாசாமாசம் உங்க கைக்கு வந்தது எங்களுக்குத் தெரியும். வாங்கி வச்சீங்களா, வாங்கிச் சாப்பிட்டீங்களா, அதுதான் கேள்வி. அதை நம்பித்தான் இருந்தீங்கன்னா பென்ஷன் உண்டு. இல்லேன்னா இல்ல."

காஜாக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். இந்த மாதத்துக்குப் பிறகு மூட்டை அனுப்ப முடியாது என்று டெய்லர் மாஸ்டர் சொல்லியாகிவிட்டது. கண்ணும் முன்போல இல்லை, கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் விரல்தான் பார்க்க வேண்டும். பென்ஷன் வராவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் மகன் போன பிறகு இந்தத் தெருவில் அவள் தலைநிமிர்ந்து நடப்பதற்கு இருந்தது அந்த ஒரு சபதம்தான்.

"சொல்லேன்க்கா, தொடலைன்னு. இவங்க பென்ஷன் யாருக்கு வேணும்? நாங்கல்லாம் இல்லையா?" என்றாள் இஸ்திரிக்காரி.

காஜாக்கா குத்திய ஊசியை உருவி மறுபடி குத்தினாள். அதிகாரி காகிதத்தை மடித்தார்.

"அப்போ அவங்க சொன்னதையே எழுதிடறேன்மா. தப்பா நினைச்சுக்காதீங்க." எழுந்து வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினார்.

"சாப்பிட்டேன் சார்."

அவர் இன்னொரு செருப்பை மாட்டாமல் திரும்பினார்.

"முதல் மாசம் தொடல. அடுத்த மாசம் மூட்டையே வரல. பெரிய கடைத்தெருவுக்குப் போய் அரிசி வாங்கி, பழைய சட்டைங்களுக்கு நடுவுல வச்சு மூட்டையாக் கட்டிக் கொண்டாந்தேன். அப்புறம் எல்லா மாசமும் அப்படித்தான். வாடகை அவன் காசு. இந்தக் கண்ணாடி அவன் காசு."

"கண்ணாடி இலவச முகாம்ல குடுத்தாங்கன்னியே!" என்றாள் இஸ்திரிக்காரி.

"பொய்."

"அப்போ நான் கொண்டாந்த கிண்ணம்?"

"அதையும்தான் சாப்பிட்டேன்."

"அடிப்பாவி! ரெண்டு வீட்டு அடுப்புலயும் சாப்பிட்டியா? எம்புருஷன் தட்டுலேர்ந்து இல்ல அள்ளிட்டு வந்தேன்! ‘ஏண்டி, பானையில ஓட்டையா’ன்னு அந்த மனுஷன் கேக்காத நாளில்ல!"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டிய செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டார். மறுபடி உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தார்.

"இதுக்கு ஏதாவது ஆதாரம் வேணும்மா. பணம் உங்களுக்கு உதவுதுன்னு மகனுக்குத் தெரியுமில்ல? அதைப் பத்தி அவர் எழுதின கடிதாசி ஏதாவது?"

"அவனுக்கும் தொடலைன்னுதான் சொன்னேன்."

இஸ்திரிக்காரி நிலைப்படியிலிருந்து நிமிர்ந்தாள்.

"லீவுல ஒரே தடவை வந்தான் சார். வாசல்ல பூட்ஸைக் கழட்டும்போதே, ‘அம்மா, என் காசுல சாப்பிடறியா?’ன்னு கேட்டான். உள்ளே அவன் காசுல வாங்கின அரிசிதான் கொதிச்சுக்கிட்டிருக்கு. ‘எவ தொடுவா உன் காசை’ன்னேன். அந்தச் சோத்தை என் சம்பாத்தியம்னு நினைச்சுக்கிட்டு, ‘உன் கைச் சோறு மாதிரி வருமாம்மா’ன்னு இன்னொரு தரம் போட்டுக்கிட்டான்."

"ஏன்க்கா? அவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"தொடலைன்னு சொன்னா மனசு விட்டுப்போய் வந்துடுவான்னு நினைச்சேன். யாருக்காகச் சம்பாதிக்கிறோம்னு தோணிடும், பட்டாளம் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவான்னு." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "பெட்டிதான் வந்தது. திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. என் காசு அம்மாவுக்கு ஆகலைன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டான் சார்."

வெளியே இஸ்திரிக்காரர் மனைவியைக் கூப்பிட்டார். அவள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கடைசியா சொன்னது விண்ணப்பத்துக்கு வேண்டியதில்லம்மா. அதை விட்டுடறேன்" என்றார் அதிகாரி.

காஜாக்கா தலையசைத்தாள்.

"சார், நான் சொன்னதை அடிச்சுடுங்க. நான் கொண்டாந்த கிண்ணத்தைத்தான் பாத்தேன், இவ பானையைப் பாக்கல. அப்படின்னே எழுதுங்க. சாட்சிக்குக் கையெழுத்து நான் போடறேன்" என்றாள் இஸ்திரிக்காரி.

அவர் அப்படியே எழுதினார், காஜாக்காவின் வாக்குமூலத்தையும் எழுதி முடித்தார். வாக்குமூலம் கொடுத்தவருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்பதும் ஆபீஸ் முறைதான். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "நான் என் மகன் அனுப்பிய பணத்தைக் கொண்டே ஜீவனம் நடத்தி வந்தேன்…"

"சாப்பிட்டேன்னு போடுங்க சார்."

"ஜீவனம்னா அதுவும் சேர்ந்ததுதான்மா."

"இருக்கட்டும். சாப்பிட்டேன்னு போடுங்க."

அவர் அடித்து, மேலே எழுதினார். "என் மகன் அனுப்பிய பணத்தில் நான் சாப்பிட்டேன்."

"எல்லா மாசமும்."

"…எல்லா மாதமும் சாப்பிட்டேன். சரியாம்மா?"

"சத்தமாப் படிங்க."

காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து அவர் குரலை உயர்த்தினார். எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். காஜாக்கா அதிகாரியைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியே, மகன் பூட்ஸைக் கழற்றிய வாசல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். முடிந்ததும் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இன்னொரு தரம் படிங்க சார்."

அவர் படித்தார்.