ஸுப்ரஜாவின் காகித மாலை

ஸுப்ரஜாவின் கல்யாணத்துக்காகப் பிச்சாட்டூரில் செய்த காகித மல்லிகை, முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் மலர்ந்தது. அந்த வருஷம் ஆரணி ஆற்று அணையில் பாதித் தண்ணீர்தான். ஊரின் ஆண்கள் குவைத்துக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். மெட்ராஸ் கடைகளுக்கு வெளிநாட்டுச் சாமான் வந்துகொண்டிருந்தது. அப்படி வந்ததுதான் கிரேப் பேப்பர், மேலெல்லாம் மெல்லிய சுருக்கம் ஓடும் காகிதம். பூக்கட்டும் வீட்டில் பிறந்த செல்வி அதைத் தொட்ட உடனே கண்டுகொண்டாள். சுருக்கத்தின் குறுக்கே கட்டைவிரல்களால் இழுத்தால் காகிதம் குழிந்து தாமரை இதழாகும். இழுக்காமல் முறுக்கினால் மல்லிகை மொட்டு. வாசல் தோரணம், ஆரத்தித் தட்டு, பள்ளிக்கூட விழா மேடை என்று சுற்றுவட்டாரம் முழுக்க அவள் கைவேலைதான்.

திருப்பதியிலிருந்து கமலவல்லி அவளைத் தேடி வந்ததற்குக் காரணம் மகளின் தும்மல். எந்தப் பூ பக்கத்தில் வந்தாலும் ஸுப்ரஜா ஓயாமல் தும்முவாள். முதல் வரனின் நிச்சயதார்த்தத்தில் மாலை கழுத்துக்கு வரும்போது தும்மிவிட்டாள். நல்ல காரியத்தில் அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். பாவம், அந்தப் பெண் அதன்பிறகு கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்தாள். இப்போது இரண்டாவது வரன், நியூ ஜெர்சியிலிருந்து கேசவ் லீவில் வந்திருந்தான். இதுவும் கலைந்தால் அவ்வளவுதான்.

மண்டபத்துக்கு வேண்டிய பூ மொத்தமும் செல்வி காகிதத்தில் செய்தாள். அத்தனை அசலாக வந்ததுதான் வினை. கட்டிய பூவுக்குத் தண்ணீர் தெளிக்காமல் அவள் பிறந்த வீட்டில் யாரும் எழுந்ததில்லை. அவளும் தெளித்து, ஈரத்துணி போட்டு மூடினாள்.

"இன்னாமே பண்ற? பேப்பருக்கு எவளாச்சும் தண்ணி தெளிப்பாளா? கூழாப் பூடும்!" என்று புருஷன் ரமணா அலறினான்.

"கைப் பழக்கம்யா..." செல்வி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

துணியைத் தூக்கினால் மொட்டெல்லாம் விரிந்து, வீடு கொள்ளாத மணம். வேறு மாலை செய்ய நேரமில்லை. விடிந்ததும் அவள் கூடையோடு திருப்பதி பஸ் ஏறினாள். புத்தூர் வரை தேனீக்கள் கூடவே வந்தன. கண்டக்டர் அவற்றிடம் டிக்கெட் கேட்கவில்லை.

"என்னடிம்மா, நிஜப் பூவையே கொண்டுவந்துட்டியே!" கமலவல்லிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சத்தியமா பேப்பருதாம்மா."

அதற்குள் தாய்மாமன் ஸுப்ரஜாவை மாலை மாற்றத் தோளில் தூக்கியாயிற்று. மாலை கைக்கு வந்தது. அவள் மூக்கு விடைத்தது. நாகஸ்வரக்காரர்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஸுப்ரஜா மாலைக்குள் முகத்தைப் புதைத்தாள், தும்மவில்லை.

"அம்மா, மல்லிகை வாசனைன்னா இதுதானா?" என்றாள். கமலவல்லி அழுதுவிட்டாள். எதிரே இன்னொரு தோளில் கேசவ் கழுத்தை நீட்டியபடி காத்திருந்தான். பெண் மாலையை விடுவதாக இல்லை.

மறுநாள் தரிசனத்துக்குக் கிளம்பினார்கள். திருமலையில் பூவெல்லாம் பெருமாளுக்கே என்பதால், பெண்கள் மலையேறும் முன் தலைப்பூவை எடுத்துவிடுவார்கள். மலையடிவாரத்து அலிபிரியில் கேசவ், "உன்னோடது பேப்பர்தானே, இருந்துட்டுப் போகட்டும்," என்றான்.

"இல்லை, பூதான்," என்று ஸுப்ரஜா மற்றப் பெண்களோடு போய் நின்றாள். எடுத்து வைக்கத் தன் தலையிலும் பூ இருந்ததில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.