கதவில் கோளாறு இல்லை

புத்தாண்டு அன்று எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தாள். இந்த வருஷம் தன் உடம்புக்காக என்ன செய்யப்போகிறோம் என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்ட வேண்டும். மகளின் உத்தரவு. அவள் எட்டு மணி நேரத் தூக்கம் என்று எழுதினாள். என் வீட்டுக்காரர் சர்க்கரைக்கு முழுக்கு என்று எழுதினார். எழுதிய கையோடு டீ கேட்டார், சர்க்கரை போட்டு. நான் ‘தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர்’ என்று எழுதினேன்.

“தண்ணி குடிக்கிறதெல்லாம் ஒரு லட்சியமாம்மா?” மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் மேல் தப்பில்லை. பஸ் ஓட்டுகிறவளின் பாடு வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? என் ரூட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு முனையிலும் கழிவறை கிடையாது. அதனால் டிரைவர்கள் முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவோம். தொண்டை வறண்டால் ஒரு புதினா மிட்டாய். பதினோரு வருஷத்தில் என் வண்டி ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை என்று நானும் மார்தட்டிக்கொள்வேன். போன வருஷம் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து படுத்துவிட்டேன். “மூணாவது தடவை வந்தா கிட்னியைத் தொட்டுடும்மா” என்றார் டாக்டர். வீட்டில் அதைச் சொல்லவில்லை, வெறும் காய்ச்சல் என்று சமாளித்துவிட்டேன்.

வண்டியை இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிறுத்தினால் ரேடியோவில் கண்ட்ரோல் ரூமுக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் எண். ஒன்று பஞ்சர், இரண்டு தகராறு, மூன்று கதவுக் கோளாறு. டிரைவருக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு எண் இல்லை. அடக்கவே முடியாத நாளில் எல்லோரும் ‘மூன்று’ என்போம், போன நேரத்தை வழியில் ஈடுகட்டிவிடுவோம். மெக்கானிக்தான் பாவம், நல்ல கதவுகளையே கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்.

முதல் மூன்று நாள் பாட்டிலைத் திறந்து நாக்கை நனைத்துவிட்டு மூடினேன். நான்காம் நாள் காலையில் அடிவயிற்றில் பழைய எரிச்சல் தலைகாட்டியது. எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. ஊரையெல்லாம் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், என்னை இப்படியா வைத்திருக்கிறேன்? ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

பாதி வழியில் நூலக நிறுத்தம். நூலகத்தில் சுத்தமான கழிவறை உண்டு. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு ரேடியோவை எடுத்தேன்.

“நூலகத்துல நிக்கிறேன், அண்ணே.”

“மூணுதானேம்மா? போட்டுக்கிறேன்,” என்றார் கண்ட்ரோல்காரர். நல்ல மனுஷன், பொய்யைக்கூட நமக்காக அவரே சொல்லிவிடுவார்.

“மூணு இல்ல அண்ணே. கதவு நல்லாத்தான் இருக்கு. நான் பாத்ரூம் போகணும். அஞ்சு நிமிஷம் ஆகும்.”

ரேடியோவில் பேசுவது ரோட்டில் ஓடுகிற அத்தனை பஸ்ஸிலும் கேட்கும். காது சுட்டது. ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தே எழுந்தேன்.

முன் சீட்டு ஆசாமி வாட்சைக் காட்டினார். “மேடம், எனக்கு மீட்டிங் இருக்கு!”

“எனக்குக் கிட்னி இருக்கு, சார்.”

பின்னால் ஒரு பெண் கைதட்டினாள். பாதி பஸ் சிரித்தது. அவரும் வாட்சை இறக்கிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது ரேடியோ கரகரத்தது. எங்கள் டிப்போவின் சிடுமூஞ்சி டிரைவர் பேசிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷ சர்வீஸ், எண்ணைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. “மார்க்கெட் ஸ்டாப்ல நிறுத்துறேன். எனக்கும் அதேதான். அந்தம்மா சொன்னது.” அப்புறம் இன்னொரு குரல். அதற்கப்புறம் என்னைவிடச் சின்னவள் ஒருத்தி, தயங்கித் தயங்கி. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே வந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

கடைசி நிறுத்தத்துக்கு ஐந்து நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. நேரத்துக்குப் போன எந்த நாளிலும் அவ்வளவு பெருமையாக நான் வண்டியை விட்டு இறங்கியதில்லை.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் டைம்டேபிள் விரித்திருந்தது.

“உங்களால இன்னைக்கு ஏழு பஸ் லேட்டும்மா.”

“ஏழு பேருதானா சார்? இந்த டிப்போவுல நாங்க நூத்திப் பத்துப் பேர் இருக்கோமே.”

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“நூத்திப் பத்துப் பேருக்கும் கிட்னி இருக்கு சார். அதையும் சேர்த்து டைம்டேபிளைப் போடுங்க.”

டைம்டேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து, “எந்தெந்த ஸ்டாப்ல பாத்ரூம் இருக்கு, சொல்லுங்க” என்றார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயமா அது?