ஒரு தடவை ஓடும் தட்டு

அப்பா வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளராக இருந்தவர். அங்கே ஒரு சோதனைக்காக வெட்டிய இசைத்தட்டில் அம்மாவின் குரல் இருந்தது. நான் பிறந்த மூன்றாம் நாள் அம்மா இறந்துவிட்டாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

அலுமினியத்தின் மேல் அரக்குப் பூசிய தட்டு. பூச்சு மீன்செதில் மாதிரி உரியத் தொடங்கியிருந்தது. பழுது பார்க்கிற கடைக்காரர் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

“ஒரு தடவை ஓடும்மா. அடுத்த தடவை ஊசி தகரத்தைத்தான் சுரண்டும்.”

ரெக்கார்ட் பிளேயரை ஆம்ப்ளிஃபயருக்கும், அதை லேப்டாப்புக்கும் இணைத்தேன். எர்த் ஒயரை முடுக்கியதும் ரீங்காரம் நின்றது. வேறொரு தட்டை ஓட்டிப் பார்த்தேன். திரையில் பச்சைக் கோடு துள்ளியது.

“ஹெட்போன் போட்டுக்கோங்கப்பா. ஸ்பீக்கர் வேண்டாம்.”

“அது மண்டைக்குள்ள பேசுற மாதிரி இருக்கும். அவ ரூம்ல பேசட்டும்.”

மரத்தளம். காலடி பட்டாலே ஊசி எகிறும். அப்பா லேப்டாப்புக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

“நீ வெளிய இரு. பரீட்சை ஹால்லயே காலை ஆட்டினவ நீ.”

நானும் கேட்கணும் என்று சொல்ல வாய் வரவில்லை. எப்படியும் கணினியில் இருக்கும். பதிவை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

அப்பா வெளியே வந்ததும் முகம் கழுவப் போனார். நான் அறைக்குள் போனேன். ஊசியின் நுனியில் கறுப்பாக ஒரு சுருள் தொங்கியது. பூச்சு போய், தட்டில் பாதி வெள்ளையாகத் தெரிந்தது.

ஹெட்போனை மாட்டினேன். முதலில் கேட்டது மூச்சு. காதருகில். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

பிறகு தூரத்தில், மெலிசாக, ஒரு பெண். “ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா?”

“கேக்குது” என்றது காதருகில் இருந்த குரல்.

“இந்தச் சத்தம் போதுமா?”

“போதும்.”

அது அப்பாவின் குரல். தட்டில் அப்பா இல்லை. அன்றைக்கு அவர் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தலையாட்டியிருப்பார். அவர் பதில் வரவேண்டிய இடங்களில் தட்டில் இருந்தவை இடைவெளிகள்தான்.

லேப்டாப்பில் பதிவு அமைப்பைத் திறந்து பார்த்தேன். அதன் சொந்த மைக்கில்தான் பதிவாகியிருந்தது. கேபிளைச் செருகினேனே தவிர, அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. சோதனையில் பச்சைக் கோடு துள்ளியதும் ஸ்பீக்கர் சத்தத்துக்குத்தான். அம்மாவின் குரல் இனி இவ்வளவுதான்.

“சரி, நான் போகட்டுமா?” பதிவில் அம்மா கேட்டாள்.

“இரு” என்றார் அப்பா. “இன்னும் கொஞ்சம் இரு.”

தட்டு வெறுமனே சுற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் அப்பா மெதுவாகக் கேட்டார்.

“கேக்குதா?”

நாற்பது விநாடி. அவர் பதிலுக்குக் காத்திருந்தது மூச்சில் தெரிந்தது.

“பதிஞ்சுதா?” வாசலில் அப்பா, கையில் துண்டு.

“பதிஞ்சுதுப்பா.”

“அவ மட்டும்தானே?”

“ஆமாப்பா.”

அவர் போனபின் அந்த நாற்பது விநாடியைத் திரும்ப ஓடவிட்டேன். ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.