மீன் தலை யாருக்கு

ஜெபஸ்டின் தன் அக்கா பெலிசியாவோடு பேசி இரண்டு வருடமாகிறது. அவள் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கு அவன் வரவில்லை. ஏன் என்று கேட்டாள். போனை வைத்துவிட்டான். அதோடு சரி.

துப்பறியும் நீலமேகம் மறுபடியும் டிவியில் வருகிறார் என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் தம்பியோடு உட்கார்ந்து பார்க்க அவளுக்கு ஆசை வந்தது. பள்ளி நாட்களில் இருவரும் ஞாயிறுதோறும் அதைப் பார்ப்பார்கள். கடைசி விளம்பர இடைவேளைக்குள் கொலைகாரனைச் சரியாகச் சொல்பவருக்குக் குழம்பு மீனின் தலை. வீட்டுச் சட்டம் அது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கடலூர் முதுநகரில் ஒரு கொடுவா மீன் வாங்கினாள். குழம்பு வைத்து, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் போனாள்.

கதவைத் திறந்த ஜெபஸ்டின் தூக்குவாளியை மட்டும் பார்த்தான். "ராணி, அவுங்கள உக்காரச் சொல்லு."

டிவியில் காமெடி நிகழ்ச்சி. சேலை கட்டிய ஒருவன் இடுப்பை ஆட்டினான். நடுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பி மனைவி ஆரோக்கிய ராணியும் சிரித்தாள்.

"சிரிப்பு வரலியா அண்ணி?"

"எனக்குஞ் சேத்து அவுங்களே சிரிச்சிடுறாங்களே."

சோபாவின் மறுமுனையில் ஜெபஸ்டினின் உதடு லேசாக அசைந்தது.

நீலமேகம் வந்தார். பழைய நீலமேகம் அதிகம் பேசமாட்டார். செருப்பைப் பார்ப்பார், தாழ்ப்பாளைப் பார்ப்பார். நாமும் கூடவே பார்க்க வேண்டும். இவருக்குத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஜோக்கடிக்க ஓர் உதவியாளன். பிணத்தின் பக்கத்தில் நின்று அவன் அடித்த ஜோக்குக்கும் பின்னால் சிரிப்புச் சத்தம் போட்டார்கள். டாக்டர் வரும்போதெல்லாம் இசை இடித்தது. யார் கொலைகாரன் என்று பெலிசியாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சொல்லவில்லை. தம்பி சொல்லட்டும். தலையை அவன் தட்டில் தானே வைக்கலாம். அப்போதாவது முகத்தைப் பார்ப்பான். ஆனால் அவனும் வாயைத் திறக்கவில்லை.

கடைசி இடைவேளை நெருங்கியது.

"டாக்டர்தான்," என்றாள் ராணி. "இதுகூடவா தெரியல ரெண்டு பேருக்கும்?"

தலை ராணிக்குப் போனது. அவள் அதைச் சரியாக உறிஞ்சக்கூட இல்லை. கண்ணைத் தட்டோரம் ஒதுக்கினாள்.

ஜெபஸ்டினுக்குப் பொறுக்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினான். "உனக்கு எப்பவோ தெரியும்ல?"

"டாக்டர் உள்ள வந்ததுமே."

"எனக்குந்தான். பின்ன ஏன் சொல்லல?"

"நீ ஏன்டா சொல்லல?"

ஜெபஸ்டின் டிவியைக் கைகாட்டினான். "அந்தாளுக்கு எதுக்குக்கா தொப்பி? கம்பங்கொல்லை காக்கவா வந்தான்?"

பஸ் நிலையம் வரை திட்டிக்கொண்டே வந்தான். இசை, உதவியாளன், சிரிப்புச் சத்தம், எதையும் விடவில்லை. பெலிசியா ஊம் கொட்டினாள். பேச்சு புதுநன்மைக்கு வரும் என்று ஒவ்வொரு தெருமுனையிலும் எதிர்பார்த்தாள். பேச்சு நீலமேகத்தின் கண்ணாடிக்கே திரும்பத் திரும்பப் போனது.

பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்கு வந்தான். "அடுத்த வாரமும் கொடுவா வாங்கியாக்கா. தலை பெருசா."

"குப்பைன்னியேடா."

"குப்பைதான். ராணிகிட்ட திட்டுனா அவ அதுக்கும் சிரிக்கிறா."

பஸ் நகர்ந்தது. காலித் தூக்குவாளி மடியில் ஆடியது. பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டியும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. புதுநன்மைக்கு ஏன் வரவில்லை என்று அடுத்த ஞாயிறு முதலில் கேட்பாள். பதில் வந்த பிறகுதான் தலை.